வண்டியை எங்கே விடுவது

மாலை மணி நாலு பத்து. ஏழாவது லாட்ஜ். செண்பகவடிவு வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கியவர் அழகியநம்பி. ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, முடியை இரண்டு கையாலும் படிய விட்டு, ஜவுளிக்கடைக்குள் ஆள் நுழைந்ததும் முகத்தில் வரவழைப்பாரே அந்தச் சிரிப்போடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முப்பது வருடம் திருநெல்வேலியில் சேலைப் பிரிவில் நின்றவர். கொள்முதலுக்கு சூரத் போய் வந்த வகையில் இந்தி பேசுவார். அவளுக்கு இந்தி வராது. அவருக்கு வண்டி ஓட்ட வராது. ஆகவே இந்த நேபாளத்தில், பொக்காராவின் ஏரிக்கரைச் சாலையில், பகல் இரண்டு மணியிலிருந்து புருசன் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகிறார், பெண்டாட்டி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காவல் காக்கிறாள். நாளைக் காலை ஐந்து மணிக்கு முக்திநாத்துக்கு ஜீப். போக ஒரு நாள், சேவிக்க ஒரு நாள், வர ஒரு நாள். அந்த மூன்று நாளும் வண்டி இங்கே நிற்க வேண்டும். அந்த மலைப்பாதையில் இந்தக் கனத்த வண்டியில் பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று எல்லையிலிருந்தே எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவளும் சரி என்றுவிட்டாள். சரி என்றபோது இடம் கிடைப்பது ஒரு காரியமாக இருக்கும் என்று தோன்றவில்லை. பெரிதாக என்ன கேட்டாள்? ஒரு கேட். கேட்டுக்கு ஒரு பூட்டு. உள்ளே ஏழடிக்கு மூன்றடி. செத்தவனுக்கே அவ்வளவு கொடுக்கிறார்கள்.

கைபேசியில் ஏழு லாட்ஜுக்கும் பார்க்கிங் என்ற வார்த்தைக்கு நேரே பச்சையில் ஒரு டிக் இருந்தது. அதைப் போட்டவன் கையில் என்ன வியாதி? பதினெட்டு வருடமாக மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருக்கிறாள், ஒரு நாளைக்கு இருநூறு வாசல் ஏறி மீட்டர் பார்க்கிறவள். வீடு பூட்டியிருந்தால் பூட்டியிருக்கிறது என்றுதான் எழுதுவாள். உட்கார்ந்த இடத்தில் ஓர் எண்ணை அட்டையில் ஏற்றினால் மூன்றாம் நாள் மெமோ வரும். இவனுக்கு மெமோ யார் கொடுப்பது? முதல் லாட்ஜில் பார்க்கிங் எங்கே என்று கேட்டதற்கு அந்த ஆள் வாசலுக்கு வந்து இடது கையை ஏரி வரைக்கும் நீட்டினான், வலது கையை மலை வரைக்கும் நீட்டினான். எங்கே வேண்டுமானாலும் விடலாமாம். ரோட்டைக் காட்டிப் பார்க்கிங் என்கிறான், அவன் அப்பன் போட்ட ரோடு மாதிரி. அடுத்ததில் நடைபாதை. அதற்கடுத்ததில் உள்ளே இடம் உண்டு, ஆனால் கார் வந்தால் பைக் வெளியே போய்விட வேண்டும். நாலாவதில் கேமரா இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். அதன் ஒயர் எதிலும் சேராமல் ஆணியில் சுருண்டு கிடந்ததை அவள் தெருவிலிருந்தே பார்த்துவிட்டாள். ஒயர் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியுமா? ஐந்தாவது நினைவில்லை. ஆறாவது நன்றாக நினைவிருக்கிறது. அங்கே வேலை பார்த்தவன் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்து, டேங்கைத் தட்டி, சார் எத்தனை சிசி என்று நம்பியைக் கேட்டான். நம்பியும் முன்னூற்றைம்பது என்று சொன்னார். சொன்னது தப்பில்லை. ஆனால் வண்டி என்னுடையது இல்லை, இதோ இவளுடையது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? திருநெல்வேலியிலிருந்து ஒன்பது நாள், எத்தனை பெட்ரோல் பங்கு, எத்தனை டீக்கடை. கைப்பிடி அவள் கையில், சாவி அவள் கையில், கேள்வி மட்டும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு. எல்லையில் சுங்கச் சீட்டு எழுதினவன்கூட, இங்கே அதைப் பன்சார் என்கிறார்கள், சார் பெயர் என்ன என்று மூன்று முறை கேட்டுவிட்டு நாலாவது முறைதான் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பார்த்தான். அந்தச் சீட்டு இப்போது ஜெர்கின் உள்பையில் இருக்கிறது. வண்டி எண், எஞ்சின் எண், செண்பகவடிவு. குறித்த தேதிக்குள் இதே வண்டி இதே எல்லை வழியாக வெளியே போக வேண்டும். வண்டி இல்லாமல் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொன்னாள். நம்பி கேட்டார். விற்றுவிட்டீர்கள் என்று எழுதுவோம் என்று சொல்லிச் சிரித்தானாம். சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது.

கண்ணாடிக் கதவு திறந்தது. நம்பி வரும் நடையிலேயே தெரிந்தது, அவருக்குப் பிடித்துவிட்டது. அவருக்கு எது பிடிக்காது? "ரொம்ப நல்ல மனுசன், வடிவு. டீ குடிங்கன்னாரு." "மனுசன் கிடக்கட்டும், இடம்?" "இருக்கு. இந்தா, எதுத்த சந்துல. மோமோ கடை வாசல்ல விட்டுக்கிடலாம். கடைக்காரர் பாத்துக்கிடுவாராம்." "கடைய எப்ப அடைப்பாரு?" "எட்டரைக்கு." "எட்டரைக்கு மேல யாரு பாப்பா? மோமோவா?" நம்பி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "பதினஞ்சு வருசத்துல ஒரு வண்டி களவு போகலன்னு சத்தியம் பண்ணுதாரு." "பதினஞ்சு வருசமா ஒருத்தனும் அங்க வண்டியே விடலையோ என்னவோ. ஏறுங்க." ஏறினார். ஏறும்போது அவர் முழங்கால் சொடுக்கியது அவளுக்குக் கேட்டது. அறுபது வயது. ஒன்பது நாளாக இந்த இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. குறை சொல்லாத ஆளோடு பயணம் போவது சுவரில் பந்து அடிக்கிற மாதிரி, எல்லாம் தன்மேலேயே திரும்பி வருகிறது.

வண்டி மெதுவாக நகர்ந்தது. வலது பக்கம் ஏரி, அதன்மேல் சாம்பல் நிற மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் லாட்ஜ், லாட்ஜ், சால்வைக் கடை, லாட்ஜ். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது. எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், எந்த மொழியில் சொன்னாலும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஜங்ஷன் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டில் ஒருத்தன் தமிழில் சொன்னான். அக்கா, சைடு லாக் போடாதீங்க. ஊரில் எந்த ஸ்டாண்டுக்குப் போனாலும் முதல் வசனம் அதுதான். ஹேண்டிலைப் பூட்டிவிட்டால் அவனால் வண்டியை நகர்த்தி அடுக்க முடியாதாம், அதனால் பூட்டாமல் விட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். வாத்தியார் கேட்கிறார், வக்கீல் கேட்கிறார், போலீஸ்காரர்கூட மப்டியில் வந்தால் பூட்டாமல் விட்டுவிட்டு ரயில் ஏறுகிறார். தன் வீட்டு வாசலில் மூன்று பூட்டுப் போடுகிறவர்கள், காசு கொடுத்து விடும் இடத்தில் மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அவளும் விட்டாள். மதுரையில் பயிற்சி வகுப்பு, சாயங்காலம் திரும்பி வந்து மஞ்சள் டோக்கனை நீட்டினால் ஸ்கூட்டர் இல்லை. ஸ்டாண்டுக்காரன் டோக்கனைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினான். வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. பொறுப்பல்ல என்றால் எதற்கு ஸ்டாண்டு, எதற்கு டோக்கன், எதற்கு நீ? இதைக் கேட்டதற்கு அவன் பீடியைப் பற்றவைத்தான். போலீஸ் நிலையத்தில் எழுதுகிறவர் தலையைத் தூக்காமல், வண்டி சார் பேர்லயாம்மா என்றார். பிறகு, சைடு லாக் போட்டீங்களா. இல்லை, போடக் கூடாதுன்னாங்க. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். படித்த பொம்பளை, பூட்டாமல் விட்டுவிட்டு வந்து புகார் கொடுக்கிறாள் என்ற பார்வை. ஸ்கூட்டர் போனதுகூட ஆறிவிட்டது. அந்தப் பார்வை ஆறவில்லை. அன்றைக்கும் நம்பி பக்கத்தில்தான் நின்றார். வெளியே வந்ததும், போகட்டும் வடிவு, எவனோ இல்லாதவன் எடுத்திருப்பான் என்றார். இல்லாதவனாம்! நாலு மாதம் சைக்கிளில் மீட்டர் பார்க்கப் போனது யார்? அந்த ஸ்கூட்டரில்தானே அவரை ஏற்றிக்கொண்டு நவதிருப்பதி ஒன்பதும் போனாள், நாங்குநேரி போனாள், திருக்குறுங்குடி போனாள்.

எட்டாவது லாட்ஜில் முற்றம் இருந்தது, கேட் இல்லை. நம்பி கேட்டதற்கு நாய் இருக்கிறது என்றார்களாம். நாயை அவளும் பார்த்தாள். நடுரோட்டில் படுத்திருந்தது, ஒரு லாரி அதைச் சுற்றிக்கொண்டு போனது. பதினெட்டு வருடத்தில் எத்தனை நாய் பார்த்திருப்பாள், குரைக்கிற நாய், குரைக்காமல் கெண்டைக்காலுக்கு வருகிற நாய். இது காவலுக்கு இருக்கிறது என்று எவன் சொன்னாலும் அவன் வாழ்நாளில் நாயைப் பார்த்ததில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. இரண்டு மணியிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த மூத்திரம் இப்போது அடிவயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு லாட்ஜிலும் நம்பி உள்ளே போனார், போகிற போக்கில் அவருடைய வேலை முடிந்துவிட்டது. வண்டியை அவரிடம் விட்டுவிட்டு இறங்கலாம்தான். ஆனால் அவரால் இதன் கனத்தைத் தாங்க முடியாது, கீழே சாய்த்துவிடுவார். அல்லது எவனாவது வந்து கொஞ்சம் தள்ளி விடுங்க சார் என்றால், இந்தாங்க, நீங்களே தள்ளிக்கிடுங்க என்று சாவியைக் கொடுத்துவிடுவார். கொடுப்பார். கடையில் விரித்துப் போட்ட அறுபது சேலையில் ஒன்றும் எடுக்காமல் போகிறவளுக்கும் எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பியவர். யாரையும் சந்தேகப்படத் தெரியாது. அவருக்குத் தெரியாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது, சோறு பொங்குகிற மாதிரி, துணி துவைக்கிற மாதிரி அதுவும் ஒரு வீட்டு வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்குகிறோம். இடம் காலியாக இருக்கிறது. தரையில் எண்ணெய்ச் சொட்டு ஒன்று, சைடு ஸ்டாண்டு குத்திய குழி ஒன்று. லாட்ஜ்காரன் இரண்டு கையையும் விரிக்கிறான். நம்பி, போகட்டும் வடிவு என்கிறார். எல்லையில் விற்றுவிட்டாள் என்று எழுதுகிறார்கள். இதை அவள் இன்றைக்கு எத்தனை தடவை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் எண்ணெய்ச் சொட்டு அதே இடத்தில் இருக்கிறது.

நூற்றெட்டுத் திருப்பதியில் இரண்டு இந்த உலகத்தில் இல்லை. மீதி நூற்றாறு. அதில் இந்தியாவுக்குள் நூற்றைந்து. அந்த நூற்றைந்தையும் நம்பி பார்த்தாயிற்று, இருபத்திரண்டு வருடமாக, கடை விடுமுறை விடுகிற நாளில், தீபாவளி வியாபாரம் முடிந்து கிடைக்கிற நாலு நாளில். மிச்சம் இது ஒன்று, முக்திநாத், பாசுரத்தில் சாளக்கிராமம். ஓய்வு பெற்ற அன்றைக்குக் கடையில் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "இனி சாளக்கிராமம் ஒண்ணுதான்" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பெருமாள்மேல் அவ்வளவு பிடிப்புக் கிடையாது. ரோட்டின்மேல் பிடிப்பு உண்டு. வண்டியிலேயே போவோம் என்று சொன்னது அவள். ரயிலில் போயிருந்தால் இந்நேரம் கையை வீசிக்கொண்டு எந்த லாட்ஜிலும் படுத்திருக்கலாம். இதை அவர் இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். சொல்லித் தொலைத்தால் ஒரு பதில் சொல்லலாம்.

ஒன்பதாவதில் கேட் இருந்தது. இரும்பு கேட், ஆள் உயரத்துக்கு மேலே கம்பி, உள்பக்கம் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் கை அகலத்துக்கு ஒரு பூட்டு. உள்ளே சிமெண்ட் தளம் போட்ட முற்றம், தகரக் கூரை, அதன்கீழ் பத்துப் பன்னிரண்டு பைக் நெருக்கியடித்து நின்றன. அவள் நம்பியை அனுப்பவில்லை, தானே வண்டியை உள்ளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கம்பளிச் சட்டை போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துளசி குருங், லாட்ஜ் அவளுடையது. வந்தவள் நம்பியைப் பார்க்காமல் நேராக இவளைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினாள். "என்ன சொல்லுதா?" "தங்கச்சி, அவ்வளவு தூரம் நீயா ஓட்டிட்டு வந்தேன்னு கேக்காங்க." எட்டு லாட்ஜுக்குப் பிறகு ஒருத்திக்குக் கண் தெரிகிறது. செண்பகவடிவுக்குத் தோள் இரண்டும் இறங்கின. அறை வாடகை குறைவுதான், வெந்நீர் காலையில் உண்டு, ஜீப் கேட் வரைக்கும் வரும். நம்பி ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் துளசி குருங் வண்டிகளைக் காட்டி, கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற மாதிரி செய்து, நீளமாக ஏதோ சொன்னாள். நம்பி உடனே மொழிபெயர்க்கவில்லை. "என்னங்க?" "ஒண்ணுமில்ல. காலையில தண்ணி லாரி உள்ள வருமாம். அப்ப வண்டியெல்லாம் எடுத்து நகட்டணுமாம். அதனால..." "அதனால?" "சாவிய இவங்ககிட்ட குடுத்துரணுமாம். சைடு லாக் போடக் கூடாதாம்."

 வண்டி இரண்டாயிரத்தெழுநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறது, நதிகளைத் தாண்டி, ஒரு நாட்டைத் தாண்டி வந்திருக்கிறது, அந்த வசனமும் பின்னாலேயே வந்திருக்கிறது. உலகத்தில் பூட்ட விடுகிற இடம் எதிலும் பாதுகாப்பு இல்லை, பாதுகாப்பு இருக்கிற இடத்தில் பூட்டக் கூடாது. இதை யார் உட்கார்ந்து யோசித்து வைத்தார்கள்? "சங்கிலி போட்டுக்கிடுதேன்னு சொல்லுங்க. சக்கரத்துல. என் சங்கிலி." நம்பி சொன்னார். துளசி குருங் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், அப்புறம் எப்படி நகட்டுவேன், தலையில தூக்கி வச்சா என்றாளாம். "அப்ப பொறுப்பு யாரு? அதைக் கேளுங்க. காணாமப் போனா யாரு பொறுப்பு?" "வடிவு, அதெப்படி மூஞ்சிக்கு நேரா..." "கேளுங்க." அவர் கேட்டார், குரல் இறங்கிவிட்டது, ஜவுளிக்கடையில் விலை அதிகமான சேலையின் விலையைச் சொல்கிற குரல். துளசி குருங் அவளைத்தான் பார்த்துப் பதில் சொன்னாள். "நான்தான்னு சொல்லுதாங்க." "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான்." எழுதித் தருவாளா என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் அடிவயிறு சுண்டி இழுத்தது. இனி முடியாது. சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். "இங்கயே நில்லுங்க. யாரு என்ன கேட்டாலும் நகராதீங்க." "சரி." "யார்ட்டயும் ஒண்ணும் குடுத்துராதீங்க." "என்ட்ட என்னட்டி இருக்கு குடுக்க?"

கழிப்பறையில் உட்கார்ந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, நிம்மதியிலா ஆத்திரத்திலா என்று சொல்ல முடியாது. காற்றுப்போக்கி வழியாக முற்றம் தெரிந்தது. தூறல் மழையாகியிருந்தது, தகரத்தில் சத்தம். நம்பி தகரத்துக்குக் கீழே ஒதுங்கவில்லை. சொன்ன இடத்தில், மழையில், வண்டியின் பின்னிருக்கையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். மடையன். ஒரு எட்டுத் தள்ளி நின்றால் என்ன, நகராதே என்றால் அப்படியா அர்த்தம்? ஒருவேளை அப்படித்தான் அர்த்தமோ. ஒன்பது நாளாக அவள் என்ன சொன்னாளோ அதைத்தான் செய்திருக்கிறார், வளைவில் சாயுங்கள் என்றால் சாய்ந்தார், பேசாமல் வாருங்கள் என்றால் பேசாமல் வந்தார். இதற்கு மேல் அவரை என்ன செய்யச் சொல்வது? சாவி உள்ளங்கையில் பல் பதித்திருந்தது. நான்தான் பொறுப்பு என்று அந்தப் பெண் சொன்ன மாதிரி இதற்கு முன் யாராவது சொல்லியிருக்கிறார்களா? இல்லை. அதனால் அவள் சொல்வது உண்மையாகிவிடுமா? வாயால் சொன்னால் வண்டி திரும்பி வருமா? ஆனால் கேட் இருக்கிறது. ஆனால் சாவி அந்தப் பெண்ணிடம் இருக்கும். ஆனால் லாரிக்காரன். லாரிக்காரனோடு ஒரு ஆள் வருவானே, அவன் யார்? வெளியே வந்தாள். நம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், பின்னிருக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேணும்னா நான் மட்டும் போயிட்டு வாரேன், வடிவு. நீ வண்டியோட இரு. மூணு நாளுதானே."

அதைச் சொல்ல வேண்டியவள் அவள். எட்டாவது லாட்ஜிலிருந்தே அது அவள் வாய்க்குள் இருந்தது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் முந்திக்கொண்டார், அதுவும் கோபமில்லாமல். "ஏன், நாளைக்கு ஊருக்குப் போயி, எம்பெருமானச் சேவிக்கப் போனேன், எம்பொண்டாட்டி பைக்கப் பிடிச்சுட்டு வாசல்ல நின்னுட்டான்னு கதை சொல்லவா?" "நான் யார்ட்டட்டி கதை சொன்னேன்?" சொல்லவில்லைதான். "ஸ்கூட்டர் போனப்பவும் இப்படித்தான் ஒண்ணுமே சொல்லாம நின்னீங்க." "நான் என்ன சொல்லணும்ட்டி?" "ஒண்ணும் சொல்ல வேண்டாம். போங்க, போயி சட்டைய மாத்துங்க." விறுவிறுவென்று நடந்து போய் வரவேற்பு மேசைமேல் சாவியை வைத்தாள். வைத்தாள் என்பது சரியில்லை, எறிந்தாள். அது வழுக்கிக்கொண்டு போய்ப் பதிவேட்டில் இடித்து நின்றது. துளசி குருங் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. சாவியை எடுத்துப் பின்னால் சுவரில் ஆணி வரிசையில், அறைச் சாவிகளுக்கு நடுவே மாட்டினாள். மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற எவன் கைக்கும் எட்டுகிற உயரத்தில்! ஒரு டிராயர் இல்லையா? டிராயருக்குப் பூட்டு இல்லையா? கேட்க மொழி இல்லை. நம்பியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாம், அவர் ஈரச் சட்டையோடு பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு படியிலும் முழங்கால் சொடுக்கியது. செண்பகவடிவு ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடமிருந்து ஏழாவது ஆணி. பிறகு முற்றத்துக்குத் திரும்பிப் போய், ஹேண்டில் எந்தப் பக்கமும் சுலபமாகத் திரும்புகிறதா என்று அசைத்துப் பார்த்தாள். திரும்பியது.

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபதுக்கு ஜீப் பேனி என்ற ஊரில் டீக்கு நின்றது. செண்பகவடிவு இறங்கி, எதிரே புறப்படத் தயாராக நின்ற பொக்காரா பஸ்ஸில் ஏறினாள். பகல் ஒன்றரை மணிக்கு அவள் லாட்ஜுக்குள் நுழைந்தபோது வண்டி விட்ட இடத்தில் நின்றது. அழகியநம்பி மறுநாள் காலை முக்திநாத்தில் தனியாகச் சேவித்தார்.